விறகு பொறுக்கியவன்

இந்த பிப்ரவரியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கண்புரைதான், பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லை. ஆனா டாக்டர் ஒரு பட்டியல் சொல்லி அனுப்பிட்டார். குனியக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, தலைக்கு ஊத்தக்கூடாது, கொஞ்ச நாளைக்குப் படிக்கக்கூடாது. மத்ததுக்கெல்லாம் அம்மா தலையாட்டிட்டாங்க. கடைசி ஒண்ணுல வந்து நின்னுட்டாங்க.

எங்க அம்மா வருஷா வருஷம் பைபிளை முழுசாப் படிச்சு முடிக்கிற கட்சி. தெரியாதவங்களுக்குக் கணக்கு சொல்றேன். மொத்தம் 1189 அதிகாரம். வார நாளில் தினம் மூணு, ஞாயித்துக்கிழமை அஞ்சு. ஜனவரி ஒண்ணாம் தேதி ஆதியாகமத்தில் ஏறினா டிசம்பர் கடைசியில் வெளிப்படுத்தின விசேஷத்தில் இறங்கலாம். ஒரு நாள் விட்டா மறுநாள் ஆறு. ரெண்டு நாள் விட்டா அப்புறம் அந்த வருஷம் அவ்வளவுதான். அம்மா விட்டதே இல்லை. அதனால ராத்திரி சாப்பாடு ஆனதும் நான் வாசிக்கணும், அவங்க கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கட்டிலில் சாஞ்சு கேட்பாங்கன்னு முடிவாச்சு. (பார்க்க ஏதோ கட்சித் தலைவர் மனு வாங்குற மாதிரி இருக்கும்.)

ஒரு வாரம் லீவு போட்டிருந்தேன். நான் போய்ச் சேர்ந்த அன்னிக்கு வியாழக்கிழமை. எண்ணாகமம் 13, 14, 15.

பைபிளை முழுசாப் படிப்பேன்னு புத்தாண்டுக்குச் சபதம் போடுறவங்கள்ல பாதிப் பேர் லேவியராகமத்திலேயே கவிழ்ந்துடுவாங்க. அதைத் தாண்டி எண்ணாகமத்துக்குள்ள வர்றவங்க வைராக்கியம் உள்ளவங்க. நான் என் வாழ்க்கையில் ரெண்டே தடவைதான் வந்திருக்கேன், அதுவும் சின்ன வயசில். அதனால 15ஆம் அதிகாரத்தின் கடைசியில் என்ன இருக்குன்னு மறந்தே போயிருந்தது. பலி, எண்ணெய், மாவு, படி அளவுன்னு ஒரே சீரா வாசிச்சுக்கிட்டே போறேன், திடீர்னு ஒரு ஆள் வர்றான்.

வனாந்தரத்தில் ஓய்வுநாள். ஒருத்தன் விறகு பொறுக்கிக்கிட்டு இருக்கான். பார்த்தவங்க பிடிச்சு மோசேகிட்ட கொண்டுவர்றாங்க. அவனை என்ன செய்யணும்னு யாருக்கும் தெரியலை, அதனால காவலில் வைக்கிறாங்க. கடவுளிடமிருந்து பதில் வருது. பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய் எல்லாரும் கல்லெறிஞ்சு கொல்லணும். கொன்னுடறாங்க. அடுத்த வசனத்தில் துணி ஓரத்தில் தொங்கல் வைத்துத் தைக்கிற விவரம் ஆரம்பிச்சுடுது.

அஞ்சே வசனம். அவன் பேர் இல்லை. எதுக்கு விறகுன்னு இல்லை.

நான் வாசிச்சு முடிக்கிற நேரம் சித்தி பையன் தூக்குவாளியோட உள்ளே வந்தான். சித்தி மீன்குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாங்க. பெங்களூரில் வேலை, கோயிலுக்குப் போறதை விட்டு பத்து வருஷம் ஆச்சு. ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006ல் எழுதின புத்தகத்தை எனக்கே ஒரு பிறந்தநாளுக்குப் பரிசாக் கொடுத்த ஆள். கதவுப்பக்கம் நின்னு கேட்டிருக்கான்.

"என்னண்ணே, விறகு பொறுக்கினதுக்கா கொன்னுட்டாவ?"

இந்தக் கேள்விக்கு நான் ரெடிமேட் பதில் வச்சிருந்தேன். ஞாயிறு பள்ளியில் ஆறு வருஷம் வாத்தியாரா இருந்தவன் நான். "அது அந்தக் காலத்துச் சட்டம் தம்பி. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின சமூகத்தை இன்னிக்கு வச்சு அளக்கக் கூடாது."

"அந்தக் காலத்துல கல்லு பட்டா வலிக்காதோ?"

அம்மா சிரிச்சுட்டாங்க. எனக்குச் சுருக்னு இருந்தது.

அதுக்கப்புறம் ராத்திரி பதினொண்ணரை வரை நானும் அவனும் திண்ணையில்தான். முழுசையும் எழுதினா நீங்க ஓடிருவீங்க, முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

நான் ஹமுராபியை இழுத்தேன். பாபிலோன் ராஜாவோட சட்டத்தோட பக்கத்தில் வச்சுப் பார்த்தா மோசேயோட சட்டம் எத்தனையோ தேவலை. ஹமுராபி சட்டத்தில் திருட்டுக்கே பல இடங்களில் மரணதண்டனை. மோசே சட்டத்தில் ஆட்டைத் திருடினவன் நாலு மடங்கு திருப்பிக் கொடுத்தா போதும். ஹமுராபி சட்டத்தில் கொத்தன் கட்டின வீடு இடிஞ்சு வீட்டுக்காரன் மகன் செத்தா, கொத்தனோட மகனைக் கொல்லணும். உபாகமம் 24ல் அப்பன் செஞ்சதுக்குப் பிள்ளையைக் கொல்லக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. இதெல்லாம் நிஜமான முன்னேற்றம்தான், இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தம்பி ஒத்துக்கிட்டான். "சரிண்ணே, ஹமுராபி தன்னை ராஜான்னுதான் சொன்னான். இது கடவுள் சொன்னதுன்னுல்லா சொல்லுதீக. கடவுள் பக்கத்து நாட்டு ராஜாவை விட கொஞ்சம் பெட்டர்னா போதுமா?" அப்படியே யாத்திராகமம் 21க்குப் போனான். அடிமையைக் கோலால் அடிச்சு அவன் அங்கேயே செத்தா எஜமானுக்குத் தண்டனை உண்டு. ஒண்ணு ரெண்டு நாள் உயிரோட கிடந்து செத்தா தண்டனை இல்லை, ஏன்னா அவன் எஜமானோட பணம். "இதை எந்தக் காலத்துல வச்சுப் பாக்கணும் சொல்லு?"

இயேசு வந்து எல்லாத்தையும் மாத்திட்டார்னு சொன்னேன். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய வந்தவங்களைத் தலைகுனிஞ்சு திரும்ப வச்ச கதை, யோவான் 8. அதுக்கும் வச்சிருந்தான். அந்தப் பகுதி ரொம்பப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, பின்னாடி சேர்ந்தது. (இது உண்மைதான், எனக்கும் தெரியும். அது தெரிஞ்சும் நான் அதிகம் நேசிக்கிற பகுதி அதுதான்.) அதோட, சட்டத்தை ஒழிக்க வரலைன்னு அதே இயேசு மத்தேயு 5ல் சொன்னதையும் எடுத்துப் போட்டான்.

கடைசி அஸ்திரம், தாமஸ் அக்வினாஸ். 13ஆம் நூற்றாண்டில் அவர் மோசேயின் சட்டத்தை மூணாப் பிரிச்சார். ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், நீதிமன்றச் சட்டம். முதலாவது என்றைக்கும் உண்டு, மத்த ரெண்டும் முடிஞ்சுபோச்சு. பிராட்டஸ்டண்டுகளும் இதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. சொல்லும்போதே எனக்குத் தெரியும், எண்ணாகமத்தில் அப்படிக் கோடு எதுவும் போடலை. விறகுக்காரன் மீறினது பத்துக் கட்டளையில் ஒண்ணு. ஒழுக்கமா, சடங்கா?

தம்பி எழுந்து போகும்போது சொன்னான், "அண்ணே, நீங்க மூணு பதில் சொன்னீக. மூணையும் அந்த விறகுக்காரன்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா?"

தூக்கம் வரலை. மொபைலில் மேய்ஞ்சுக்கிட்டு கிடந்தேன்.

யூத ரப்பிகள் இந்தச் சட்டங்களை என்ன பண்ணினாங்கங்கிறது எனக்கு முன்பே பிடிச்ச விஷயம். உபாகமம் 21ல் அடங்காத பிள்ளையைப் பற்றி ஒரு சட்டம் வருது. அப்பா அம்மா பேச்சைக் கேட்காத, தின்னு குடிச்சுத் திரியுற மகனை ஊர்ப் பெரியவங்க முன்னாடி கொண்டு வந்து நிறுத்தணும், ஊரார் கல்லெறிஞ்சு கொல்லணும். கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னாவிலும் அதன்மேல் எழுந்த தல்மூதிலும் இந்தச் சட்டத்துக்கு ரப்பிகள் போடுற நிபந்தனைகள் ஒரு காமெடி டிராக் மாதிரி இருக்கும். பையனுக்கு இத்தனை வயசுக்குள்ளே இருக்கணும், அது ஒரு சில மாசம்தான். அப்பா காசைத் திருடியிருக்கணும். இவ்வளவு எடை கறி தின்னிருக்கணும், இவ்வளவு அளவு திராட்சரசம் குடிச்சிருக்கணும். அப்பா அம்மா ரெண்டு பேரும் சம்மதிக்கணும். ரெண்டு பேரில் ஒருத்தருக்கும் கை கால் ஊனம் இருக்கக் கூடாது, ஊமையா, குருடா, செவிடா இருக்கக் கூடாது. ஒரு ரப்பி இன்னும் ஒரு படி மேல போய், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குரலும் முகமும் உயரமும் ஒரே மாதிரி இருக்கணும்னுட்டார்!

இதுக்கெல்லாம் பொருந்துற குடும்பம் உலகத்தில் எங்கே இருக்கு? இல்லை. அதுதான் அவங்க சொல்ல வந்ததும். அப்படி ஒரு பிள்ளை இருந்ததும் இல்லை, இருக்கப்போறதும் இல்லைன்னு தல்மூதிலேயே ஒரு தரப்பு சொல்லிடுது. பிறகு எதுக்கு எழுதி வச்சாங்கன்னா, படிச்சுப் பலன் பெறுவதற்காம். உடனே இன்னொரு ரப்பி குறுக்கே வந்து, இல்லை, நான் பார்த்திருக்கேன், அவன் கல்லறைமேல் உட்கார்ந்திருக்கேன்னு சொல்றார். அந்த மறுப்பையும் அழிக்காம வச்சிருக்காங்க.

அவங்க மனசாட்சிக்கு அந்தச் சட்டம் ஒத்துக்கலை. சட்டம் தப்புன்னு சொல்ல வாய் வரலை. அதனால சட்டத்தை மதிச்சு மதிச்சே அதன் கையைக் கட்டிட்டாங்க. மறுநாள் தம்பிகிட்ட இதைச் சொன்னப்ப அவன் ரசிச்சான், ஆனா விடலை. "அவுங்ககிட்ட அப்போ தூக்குல போடுற அதிகாரமே இல்லையேண்ணே, எல்லாம் ரோமாபுரிக்காரன் கையில. அதிகாரம் இல்லாதவன் கருணை காட்டுறது சுளுவு. அதிகாரம் இருந்தவன் என்ன செஞ்சான், அதைச் சொல்லு."

அதையும் அந்த ராத்திரியே படிச்சிருந்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் குடியேறின பியூரிட்டன்கள் 1641ல் எழுதின சட்டத்தொகுப்பில் மரணதண்டனைக் குற்றங்கள் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்தில் வசன எண்ணே போட்டிருக்காங்க. 1646ல் பதினாறு வயசுக்கு மேற்பட்ட அடங்காத மகனுக்கும் மரணதண்டனைன்னு சேர்த்தாங்க. அதில் யாரும் செத்ததாகப் பதிவு இல்லை. ஆனா விபசாரச் சட்டத்தில் உண்டு. 1644ல் மேரி லேதம்னு ஒரு பொண்ணு, பதினெட்டு வயசு. அவளோட சேர்த்து ஜேம்ஸ் பிரிட்டன்னு ஒரு ஆளையும் தூக்கில் போட்டாங்க. ஆளுநராக இருந்த ஜான் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் அவள் கதையை எழுதி வச்சிருக்கார். அவள் விரும்பின பையன் அவளை வேண்டாம்னுட்டான். அந்தக் கோபத்தில், அடுத்து யார் வந்து கேட்டாலும் கட்டிக்கிறேன்னு சபதம் போட்டு, வேண்டியவங்க சொல்லச் சொல்லக் கேட்காம ஒரு கிழவனைக் கட்டிக்கிட்டா.

இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் தூக்கில் போட்டாங்க. அதே பத்தாண்டில் லண்டனில் கூடின வெஸ்ட்மின்ஸ்டர் சபை, அந்தத் தண்டனைச் சட்டங்கள் பழைய இஸ்ரவேல் அரசோடேயே முடிஞ்சுபோச்சுன்னு எழுதிக்கிட்டு இருந்தது. மேரி லேதமுக்கு அது ரெண்டு வருஷம் லேட்டு.

முடிஞ்சுபோன கதைன்னு நினைக்க வேண்டாம். 1973ல் ரஷ்டூனிங்கிற அமெரிக்க இறையியலாளர் மோசே சட்டத்தின் மரணதண்டனைகள் இன்றைக்கும் செல்லும்னு தடிமனா ஒரு புத்தகமே போட்டார். அதைப் படிச்சு வளர்ந்தவங்க இன்னிக்கும் அங்கே இருக்காங்க.

சரி. இப்ப நான் எழுத வந்த விஷயத்துக்கு வர்றேன். இதுவரைக்கும் எழுதினது கொஞ்சம் அதைத் தள்ளிப் போடுறதுக்காகத்தான்.

1997. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். பெரியப்பா மகள், எனக்கு அக்கா, கூட வேலை பார்த்த ஒருத்தரைப் பதிவுத் திருமணம் பண்ணிக்கிட்டா. அவர் இந்து. பெரியப்பா அப்போ இல்லை, இறந்து மூணு வருஷம் ஆகியிருந்தது. எங்க அப்பா அப்போ கோயில் கமிட்டியில் செயலர். ஐயர் (எங்க பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) தலைமையில் கூட்டம் போட்டாங்க. அக்காவுக்கு நற்கருணை கிடையாது, சபைப் புத்தகத்திலிருந்து பேரை எடுக்கணும்னு முடிவு. காரணம், அவிசுவாசியோட பிணைக்கப்படாதேங்கிற பவுலின் வார்த்தை, 2 கொரிந்தியர் 6.

கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் சொன்னது அப்படியே நினைவிருக்கு. மோசே காலமா இருந்தா கல்லுதான், நாம ஒரு பேப்பரோட விடுதோம்னார். சிலர் சிரிச்சாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நல்ல மனுஷர். கொடுமைக்காகச் சொல்லலை. நாம எவ்வளவு இரக்கமா நடந்துக்கிறோம்னு நிஜமாவே நம்பினார்.

அந்தப் பேப்பரை எழுதினது நான். அப்பாவுக்குக் கை நடுக்கம் ஆரம்பிச்ச நேரம். எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம. ஞாயித்துக்கிழமை ஆராதனையில் அறிவிப்போட அறிவிப்பா அது வாசிக்கப்பட்டது. விறகுக்காரன் கதையை வாசிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு ஏன் தூக்கம் வரலைங்கிறது இப்ப உங்களுக்குப் புரியும். யாரும் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலை. என் ஞாபகத்தில் அது அப்படித்தான் பதிஞ்சிருந்தது.

வெள்ளி, சனி ஓடிருச்சு. ஞாயிறு அஞ்சு அதிகாரம், பிலேயாமின் கழுதை பேசுற பகுதி. அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது, வேணும்னே கழுதை குரலில் வாசிச்சுக் காட்டினேன் :-)

திங்கள் ராத்திரி, எண்ணாகமம் 27. தம்பியும் இருந்தான். (வாசிப்புக்கு வரலை, சண்டைக்கு வந்தான்.)

செலொப்பியாத்னு ஒருத்தர் ஆண் வாரிசு இல்லாம செத்துப்போறார். அவருக்கு அஞ்சு பொண்ணுங்க. மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள். அஞ்சு பேருக்கும் பேர் இருக்கு, கவனிங்க. இவங்க அஞ்சு பேரும் மோசே, ஆசாரியன், பிரபுக்கள், மொத்த சபை முன்னாடி நேரா வந்து நிக்கிறாங்க. எங்க அப்பாவுக்கு மகன் இல்லைங்கிறதுக்காக அவர் பேர் அழிஞ்சுபோகணுமா, எங்களுக்கும் நிலத்தில் பங்கு கொடுங்கன்னு கேட்கிறாங்க. மோசேக்குப் பதில் தெரியலை. கடவுள்கிட்ட கேட்கிறார். அவங்க சொல்றது சரி, கொடுங்கிறார் கடவுள். சட்டம் மாறுது.

நான் வாசிக்கிறதை நிறுத்திட்டேன். பன்னிரண்டு அதிகாரத்துக்கு முன்னாடி அதே மோசே, அதே "தெரியலை", அதே கேள்வி. அங்கே கல், இங்கே காணி. முன்னே பின்னே புரட்டிப் பார்த்தேன். மோசே பதில் தெரியாம கடவுளைக் கேட்கப் போற வழக்கு இது மாதிரி இன்னும் ரெண்டு இருக்கு. லேவியராகமம் 24ல், இஸ்ரவேல் அம்மாவுக்கும் எகிப்திய அப்பாவுக்கும் பிறந்த ஒருத்தன் சண்டையில் கடவுள் பேரைத் தூஷிச்சுடறான். காவலில் வைக்கிறாங்க, பிறகு கல். அம்மா பேர் செலோமித்னு இருக்கு, அவன் பேர் இல்லை. எண்ணாகமம் 9ல், பிணத்தைத் தொட்டுத் தீட்டானதால் பஸ்கா கொண்டாட முடியாத சிலர் மோசேகிட்ட வந்து, நாங்க மட்டும் ஏன் விலக்கப்படணும்னு கேட்கிறாங்க. அவங்களுக்காக அடுத்த மாசம் ரெண்டாவது பஸ்கா ஏற்பாடு ஆகுது.

நாலு வழக்கு. தானா வந்து நின்னு பேசின ரெண்டு கூட்டத்துக்காகவும் சட்டம் வளைஞ்சு கொடுத்தது. பிடிச்சுக் கொண்டுவரப்பட்ட ரெண்டு பேரும் செத்தாங்க. தூஷிச்சவனையும் விறகுக்காரனையும் எதுக்குச் செஞ்சேன்னு யாரும் கேட்டதா எழுதலை.

எனக்கு என்னமோ பெருசாக் கண்டுபிடிச்ச மாதிரி ஆயிருச்சு. தம்பிகிட்ட சொன்னேன். "நான் உனக்கு வியாழக்கிழமை சொன்ன மூணு பதிலும் தப்பு. அந்தச் சட்டம் கொடுமைதான். இன்னிக்கு மட்டுமில்லை, அன்னிக்கும் கொடுமைதான். ஆனா அது கொடுமைன்னு கேட்கிறதுக்கு இந்தப் புத்தகத்துக்குள்ளயே ஆள் இருக்கு. சோதோமை அழிக்கப்போறப்ப, நீதி செய்ய வேண்டிய நீயே இப்படிச் செய்யலாமான்னு ஆபிரகாம் கடவுளையே கேட்கலையா? இந்த அஞ்சு பொண்ணுங்க கேட்கலையா? கேட்டா மாறும். விறகுக்காரனுக்காக யாரும் கேட்கலை, அதான் செத்தான்."

தம்பி கொஞ்சம் யோசிச்சான். "இது பரவால்லண்ணே. ஆனா 36ஆம் அதிகாரத்துல அந்த அஞ்சு பேருக்கும் என்ன ஆகுதுன்னும் வாசிச்சிரு." அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. 36ல் அந்தக் கோத்திரத்துப் பெரியவங்க வந்து, இவளுக வேற கோத்திரத்தில் கட்டிக்கிட்டா நம்ம நிலம் வெளியே போயிருமேன்னு மனு போடுறாங்க. அதுவும் சரிதான்னு முடிவாகுது. நிலம் உண்டு, ஆனா சொந்தத்துக்குள்ளதான் கட்டிக்கணும். அஞ்சு பேரும் சித்தப்பா பெரியப்பா மகன்களையே கட்டிக்கிறாங்க. எந்த ஊர்ப் பெரியவங்களா இருந்தாலும் கவலை ஒண்ணுதான் போல.

இத்தனைக்கும் அவங்களுக்குக் கிடைச்சது சமபங்கு இல்லை, மகன் இல்லாத வீட்டில் மட்டும்தான். ஆனா அதை நக்கல் அடிக்கிற யோக்கியதை நமக்கு உண்டான்னு தெரியலை. திருவிதாங்கூரில் 1916ல் கிறிஸ்தவர்களுக்குன்னு போட்ட வாரிசுச் சட்டத்தில், உயில் இல்லாம அப்பா இறந்தா மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. அதை எதிர்த்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் போய் 1986ல் ஜெயிக்கிற வரைக்கும் அதைச் செல்லும்னு சொல்லிக்கிட்டிருந்தவங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போனவங்கதான்.

இவ்வளவும் பேசிக்கிட்டிருக்கும்போது அம்மா ஒண்ணும் சொல்லலை. தூங்கிட்டாங்கன்னு நினைச்சேன். கறுப்புக் கண்ணாடியில் என்ன தெரியும்?

"அந்தப் புள்ளைக வந்து நின்னு கேட்டாளுவ, கிடைச்சிட்டுங்க. நம்ம புள்ளையும்தான் வந்து நின்னா."

யாரும்மா?

"ஒங்க அக்காதான். கூட்டம் நடந்த அன்னைக்கு. பள்ளிக்கூடத்து வாசல்ல, வேப்பமரத்தடியில. மத்தியானத்துல இருந்து நின்னா. ஒன்னையத்தான அப்பா வெளிய அனுப்பிச்சாவ?"

மறந்துட்டேன்னு எழுதினா பொய். மறக்கலை. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்து வேற எங்கேயோ வச்சிருந்தேன். கூட்டம் பள்ளிக்கூடத்து அஞ்சாம் வகுப்பில் நடந்தது. அக்கா வந்திருக்கா, ரெண்டு வார்த்தை பேசணுங்கிறாள்னு யாரோ வந்து சொன்னாங்க. உள்ளே இருந்தவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. அப்பா என்னைப் பார்த்தார். எழுதிக் கொடுக்கச் சொல்லு, கூட்டத்தில் பேச இடமில்லைன்னார். நான் வெளியே போனேன். மரத்தடியில் ஒரு துணிப்பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவள் முகத்தைப் பார்த்ததும் அப்பா சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. அதனால இன்னும் சுலபமான ஒண்ணைச் சொன்னேன்.

"கூட்டம் முடிஞ்சிட்டுக்கா."

உள்ளே பேச்சுக் குரல் கேட்டுக்கிட்டு இருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கும். சரிலேன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனா. நான் உள்ளே வந்து உட்கார்ந்து கடிதம் எழுதினேன்.

அஞ்சு நிமிஷம் முன்னாடி தம்பிகிட்ட எவ்வளவு கம்பீரமாச் சொன்னேன், கேட்டா மாறும்னு! வந்து நிக்கிறவங்களுக்குக் கதவைத் திறந்துவிட ஒரு ஆள் வேணும். எண்ணாகமம் 27ல் அது யாருன்னு எழுதலை, ஆனா யாரோ ஒருத்தன் அந்த அஞ்சு பேரையும் உள்ளே விட்டிருக்கான்.

தம்பி எதுவும் பேசலை. வழக்கமா இந்த மாதிரி இடத்தில் ஒண்ணு சொல்லுவான். தூக்குவாளியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். நான் மிச்சம் ரெண்டு அதிகாரத்தையும் வாசிச்சேன். முழுக்கப் பலிக் கணக்கு, எத்தனை காளை, எத்தனை கடா, எத்தனை ஆட்டுக்குட்டின்னு. நல்லவேளை, அதை வாசிக்க யோசிக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் அக்காவுக்கு போன் பண்ணினேன். நாங்க பேசிக்கிறது இல்லைன்னு நினைச்சுடாதீங்க. கல்யாணம், சாவு, பொங்கல், கிறிஸ்மஸ் எல்லாத்துக்கும் பேசுவோம். அவள் மகள் கல்யாணத்துக்கு நான்தான் முதல் பந்தியில் பரிமாறினேன். இதை மட்டும் பேசினதில்லை. அம்மா கண் எப்படி இருக்கு, சொட்டு மருந்து நேரத்துக்கு விடுறியா, ரெண்டு மருந்துக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விடணும், எல்லாம் விசாரிச்சா. அப்புறம் கேட்டேன். அன்னிக்கு நீ என்ன பேச வந்தேக்கா?

எந்த அன்னிக்குன்னு அவள் கேட்கலை.

"கல்யாணத்தைப் பத்திப் பேச வரலைலே. அது முடிஞ்சுபோச்சு, அவுக என்ன முடிவு செஞ்சாலும் சரின்னுதான் இருந்தேன். அந்தப் பேப்பரைக் கோயில்ல சத்தமா வாசிக்க வேண்டாம்னு கேக்க வந்தேன். தபால்ல அனுப்பிருங்க, நான் வாங்கிக்கிடுதேன்னு. அம்மா அந்த ஞாயிறு கோயில்ல இருப்பால்லா, அதுக்குத்தான்."

பெரியம்மா அந்த ஞாயித்துக்கிழமை பெண்கள் பக்கம் மூணாவது பெஞ்சில் இருந்தாங்க. அறிவிப்பு வாசிச்சு முடிஞ்சதும் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாங்க. அவங்களும் புரட்டினாங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

நான்தான் பொய் சொன்னேன்கா, கூட்டம் முடியலைன்னேன். தெரியும்லேன்னா. அதுக்கு மேல அவளும் ஒண்ணும் சொல்லலை, நானும் சொல்லலை. குக்கர் விசில் கேட்டது, அப்புறம் பேசுதேன்னு வச்சுட்டா.

புதன்கிழமை வரைக்கும் அம்மாவுக்கு வாசிச்சேன். எண்ணாகமத்தில் ரெண்டே அதிகாரம்தான் பாக்கி. 35, அடைக்கலப் பட்டணங்கள். 36, அந்த அஞ்சு பொண்ணுங்களோட கல்யாணம். அதை நீயே வாசின்னு அம்மா மொபைலை நீட்டினாங்க. பார்த்தா அக்கா வீடியோ காலில் இருந்தா. நம்பர் போட்டுக் கொடுத்தது தம்பியா இருக்கும், அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது.

ரெண்டு பேருமா மாத்தி மாத்தி வாசிச்சோம். அவளுக்கு இன்னும் அந்தப் பழைய ஞாயிறு பள்ளி ராகம் போகலை.